கரண்டியாரின் நான்கு நிமிடம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஒரு வார இதழின் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தை இருபத்தாறு ஆண்டுகள் அரசாண்டவரும், மூன்று சமையல் நூல்களின் ஆசிரியரும், "அளந்தால் அமிர்தம்" என்ற முழக்கத்தை வீடுதோறும் ஒலிக்கச் செய்தவருமான கரண்டியார் அவர்கள், சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தம் சொந்த வீட்டுச் சமையலறையில், தம் சொந்தக் கைகளால் ஒரு வெங்காயத்தை உரித்தார்.

வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும். உரித்து முடித்தபோது பாதி வெங்காயம்தான் மிச்சமிருந்தது என்பதையும் வரலாறு விரும்பினால் குறித்துக்கொள்ளலாம்.

கரண்டியார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல, இதழாசிரியர் வைத்தது. அந்த அலுவலகத்தில் அவர் மெய்ப்புத் திருத்துகிறவராக, யார் கண்ணிலும் படாமல் மூலையில் உட்கார்ந்து பிழை பொறுக்கிக்கொண்டிருந்தார். சமையல் பக்கம் எழுதிவந்த அம்மாள் ஒருநாள் ஆசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆசிரியர் அறையை விட்டு வெளியே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து இவர் டிபன் டப்பாவைத் திறந்தார். வாசனை ஆசிரியர் வரைக்கும் போனது.

"யாருய்யா சமைச்சது?"

"வீட்லங்க."

"என்னென்ன போட்டாங்கன்னு எழுதிக் குடு. சாயந்திரம் அச்சுக்குப் போகணும்."

ஒரு மேதை இப்படித்தான் பிறந்தான்.

அன்றிலிருந்து அவர் தொழில் செய்த முறையைச் சொல்லிவிட வேண்டும். மனைவி அடுப்பின் முன் நிற்பாள். இவர் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். மடியில் தராசு, கழுத்தில் ஓட்டப்பந்தயக்காரர்கள் வைத்திருக்கும் கடிகாரம். அவள் உப்பை அள்ளிச் சட்டிக்கு மேலே கையைக் கொண்டுபோனால், "இரு, இரு, கையைக் காட்டு" என்று குறுக்கே ஒரு தட்டை நீட்டுவார். உள்ளங்கை உப்பைத் தட்டில் வழித்து, நிறுத்து, எழுதிக்கொண்டு, திரும்ப அவள் கையிலேயே கொட்டுவார். அவள் போடுவாள். அவள் கை என்ன செய்தது என்று இருபத்தாறு வருஷம் எழுதினார். ஏன் செய்தது என்று ஒரு வாரம்கூட எழுதவில்லை. கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் அவளும், "ஏங்க, பார்த்தா தெரியல?" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அவர் புகழின் உச்சம் என்று சொன்னால், வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேர்த்த ஒரு வறுவல். அது பிரபலமானது ருசியால் அல்ல, ஒரே ஒரு வரியால். "இந்நிலையில் அடுப்பை அணைத்து, நான்கு நிமிடம் காத்திருந்து, மீண்டும் பற்றவைக்கவும்." வாசகர்கள் உருகிப்போனார்கள். அந்த நான்கு நிமிடத்தில்தான் பண்டத்தின் உயிரே இருக்கிறது என்று கடிதம் கடிதமாக எழுதினார்கள். தத்துவப் பேராசிரியர் ஒருவர் 'காத்திருத்தலும் கனிதலும்' என்று கட்டுரையே எழுதினார். இரண்டாம் பதிப்பில் கரண்டியாரும் தம் பங்குக்கு, "வெங்காயம் தன்னைத் தானே உணரும் நேரம் இது" என்று ஒரு விளக்கம் சேர்த்தார்.

நடந்தது என்னவென்றால், அன்றைக்கு வாசலில் சிலிண்டர்காரர் வந்தார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் போய், போன தடவை கொண்டுவந்தது கசிந்தது என்று அவரை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்பி வந்து பற்றவைத்தாள். கழுத்துக் கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டார்.

இரண்டாம் பதிப்பை வாசித்த அன்று அவள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள்.

"வெங்காயம் உணர்ந்துச்சு சரி, சிலிண்டர்காரர் உணர்ந்தாரான்னு கேளுங்க."

அப்படிச் சிரித்தவள்தான் இப்போது உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கிடந்து, ஊசிகள் எல்லாம் முடிந்து, காய்ச்சலும் போய்விட்டது. போகும்போது பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சாப்பிட்டதையெல்லாம் ஒரு டீ தட்டில் வைத்துவிடலாம். எதைக் கொடுத்தாலும் ஒரு வாய் வைத்துவிட்டு, "அட்டை மாதிரி இருக்குங்க" என்பாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. டாக்டர் எடை பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அது நல்ல சகுனம் இல்லை.

"உடம்புல வியாதி இல்ல சார். ஆனா இப்படியே போனா மறுபடி தொத்திக்கும், அப்புறம் தாங்காது. இந்த வாரக் கடைசிக்குள்ள அவங்க ஒழுங்கா ஒரு வேளை சாப்பிடணும். இல்லேன்னா திரும்பக் கொண்டுவந்து படுக்க வச்சு, மூக்கு வழியா குழாய் போடறத தவிர வேற வழியில்ல."

"என்ன கொடுக்கலாம் டாக்டர்?"

டாக்டர் அவரைப் பார்த்த பார்வை கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. "எங்கிட்டயா கேக்கறீங்க? எங்க வீட்ல உங்க புத்தகம்தான் சார்."

கரண்டியார் வீட்டுக்கு வந்து, ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் சாப்பிடுகிற அழகு ஊருக்கே தெரியும். கல்யாண வீடுகளில் அவள் பக்கத்து நாற்காலிக்குப் போட்டி இருக்கும். அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கும் பசிக்கும். தட்டில் எதையும் மிச்சம் வைக்க மாட்டாள். பேசிக்கொண்டே சாப்பிடுவாள், குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள், குறை சொன்னதையே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுவாள். அப்படிப்பட்டவள்தான் இப்போது தட்டை ஒரு விரலால் தள்ளிவைத்தாள்.

திங்கட்கிழமை மாடிவீட்டு அக்கா வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கரண்டியாரின் தீவிர பக்தை. மூன்று புத்தகங்களிலும் கையெழுத்து வாங்கி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பவர். மூடி போட்ட பாத்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"உங்க காய்கறி சூப்தான் சார். நூல் ரெண்டு, பக்கம் எழுபத்தி மூணு. ஒரு கிராம்கூட மாத்தல. என் வீட்டுக்காரர் கொஞ்சம் மிளகு தூக்கலா போடேன்னார். வாயை மூடுங்க, எழுதினவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சான்னேன்."

"ரொம்ப நன்றிங்க."

"நடுவுல கேரட்டு வேகாத மாதிரி இருந்துச்சு. ஆனா பதினோரு நிமிஷம் ஆயிடுச்சு. இறக்கிட்டேன்."

"வேகலேன்னா இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாமேங்க?"

அக்கா அவரை, பரீட்சையில் காப்பியடித்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பதினொண்ணுன்னு நீங்கதானே சார் போட்டிருக்கீங்க."

மனைவிக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். அவள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். விழுங்கினாள். கிண்ணத்தைத் தள்ளினாள்.

"யாரு செஞ்சது?"

"மாடிவீட்டு அக்கா. என் முறைப்படி."

"அதான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மிச்சத்தை அவரே குடித்தார். தம் எழுத்தை அவர் வாயில் வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் அவர் சாப்பிட்டதெல்லாம் அவள் சமையல். எழுதினதை யாராவது சமைத்து அவர் சாப்பிட்டதில்லை. தவறு என்று ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. எல்லாம் இருந்தது. உப்பு இருந்தது, தண்ணீர் இருந்தது, வேகாத கேரட்டும் வெந்து குழைந்த கோசும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி பக்கத்துப் பக்கத்தில் மிதந்தன. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்களைப் போல.

சாயந்திரம் மகளுக்கு போன் போட்டார். அவள் வெகு தூரத்தில் குடும்பமும் வேலையுமாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் டிக்கெட் கிடைத்திருந்தது.

"பாப்பா, அம்மாவுக்கு அந்த உருளைக்கிழங்கு வறுவல் பிடிக்குமே, அதை எப்படிச் செய்யறது?"

"அப்பா, விளையாடறியா?"

"இல்லடி."

"அது நீ எழுதினதுப்பா. முதல் புத்தகம், முதல் பக்கம். படிக்கட்டுமா?" படித்தாள். அவர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். "...அடுப்பை அணைத்து நான்கு நிமிடம் காத்திருக்கவும். இந்த நாலு நிமிஷம் முக்கியம்ப்பா, விட்றாத. நான் ஒருதடவைகூட விட்டதில்ல. ஆபீஸுக்கு லேட்டானாலும் நின்னுட்டுதான் இருப்பேன்."

கரண்டியார் தொண்டையைச் செருமினார். "பாப்பா, அது வந்து... அன்னைக்கு சிலிண்டர்காரர் வந்தார்."

"என்னைக்கு?"

அவர் சொன்னார்.

"பதினோரு வருஷம்ப்பா. என் மாமியாருக்கு வேற சொல்லிக் குடுத்திருக்கேன். அவங்க கண்ணை மூடிட்டு நிப்பாங்க."

"சரி விடு, கெடுதல் ஒண்ணும் இல்லையே."

"நீ பேசாத. அம்மாவுக்கு ஏதாவது செஞ்சு குடு, முதல்ல."

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை கரண்டியார் வெங்காயம் உரித்தார்.

களத்தில் இறங்குகிறவருக்குக் கருவிகள் வேண்டுமே. வரவேற்பறை அலமாரியிலிருந்து, வாசகர் பேரவை அவருக்குப் பரிசளித்த வெள்ளி முலாம் பூசிய அளவுக் கரண்டிகளை எடுத்தார். பட்டுத்துணிக் குழிகளில் அவை பெரியதிலிருந்து சின்னது வரை படுத்திருந்தன. தராசைத் துடைத்தார். நேரம் காட்டும் மணியை முறுக்கினார். புத்தகத்தை மேசைமேல் விரித்துக் கிண்ணத்தால் அழுத்திவைத்தார். தம்முடைய எழுத்தின் கட்டளைகளுக்குத் தாமே கீழ்ப்படிந்து, உருளைக்கிழங்கை நிறுத்து, கிராம் கூடுகிறதே என்று ஒரு துண்டில் பாதியைக் கடித்தெடுத்து, எண்ணெயை அளந்து, அடுப்பை "மிதமான தீ"யில் வைத்தார்.

மிதமான தீ என்றால் என்ன? குனிந்து பார்த்தார். எழுதியவர் அவர். அவருக்குத் தெரியவில்லை. புது அடுப்பு வேறு. பழையதைப் போல இரண்டு மடங்கு பெரிய வாய். நடுவாக ஓர் இடத்தில் திருப்பிவைத்தார்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினார். மணி ஓடியது. ஐந்தாவது நிமிடத்தில் ஓரங்கள் கறுக்க ஆரம்பித்தன. புத்தகம் ஏழு என்றது. கரண்டியார் புத்தகத்தை நம்பினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, ஏதோ கருகுது."

"இல்லம்மா, பொன்னிறம் ஆகுது."

"பொன்னு கருகுது."

மணி அடித்தது. இறக்கினார். வெளியே கரி, உள்ளே பச்சை. வெங்காயம் பாதி தீய்ந்தும் பாதி அழுதுகொண்டும் இருந்தது. ஒரு துண்டைக் கடித்தார், பல்லில் நறுக்கென்றது. அப்படியே குப்பையில் கவிழ்த்தபோது ஒரு வெள்ளிக் கரண்டியும் சேர்ந்து போனது. அதை அவர் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷமாக அவர் இடம் அதுதான். அங்கேயிருந்து பார்த்தால் அடுப்பும், அவள் முதுகும், முந்தானையில் துடைத்துக்கொள்ளும் கையும் தெரியும். இப்போது அடுப்பு மட்டும் தெரிந்தது. குழாய், மூக்கு, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று மனசு பாட்டுக்கு வேண்டாத படமெல்லாம் காட்டியது. எழுந்தார். வேறு வெங்காயம் எடுத்தார்.

இந்தத் தடவை உருளைக்கிழங்கையாவது முன்கூட்டி வேகவைப்போம் என்று தண்ணீரில் போட்டு ஓர் அடுப்பில் ஏற்றினார்; பக்கத்து அடுப்பில் சட்டியை வைத்து வெங்காயத்தைப் போட்டார். தராசின் எண்ணைப் படிக்கக் குனிந்தவருக்கு ஆவி மூஞ்சியில் அடித்தது. மூக்குக் கண்ணாடி முழுக்க மூட்டம். துடைத்தார், மறுபடி படிந்தது. துடைத்தார், படிந்தது. கடைசியில் எரிச்சலோடு கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தராசும் தெரியாது, மணியும் தெரியாது, தாம் எழுதிய புத்தகமும் தெரியாது. பக்கத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருந்தது சட்டி.

அதில் வெங்காயம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம்.

ஒரே அறை. மூன்றாவது மாடி. ஏறி வந்தால் கால் முட்டி பேசும். ஒரு ஜன்னல், அதற்கு எதிரே யாரோ ஒருவருடைய ஜன்னல், நடுவில் துணி காயும் கயிறு. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ், அதற்கு மேலே ஒரே ஒரு இரும்புச் சட்டி. கல்யாணமாகி வந்த புதிது. அவளுக்குத் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. விடியுமுன்னே போய்விடுவாள், மத்தியானம் வருவாள். இவருக்கு அச்சகத்தில் சாயந்திர வேலை. ஆகவே அடுப்பு இவர் தலையில். அவளுக்கு அப்போது தண்ணீர் கொதிக்கவைக்க மட்டும்தான் தெரியும், அதையும் சில நாள் மறந்துவிடுவாள்.

அந்த வீட்டில் ஒரே ஒரு கைக்கடிகாரம். அது அவள் கையில் கட்டியிருக்கும். இணைப்பகத்தில் ஒரு நிமிஷம் பிந்தினாலும் மேற்பார்வை அம்மாள் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். ஆக, சமைக்கிற நேரத்தில் இவருக்கு மணி என்பதே கிடையாது. தராசு கிடையாது. புத்தகம் கிடையாது. சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலையும் கிடையாது.

பார்த்தார். முதல் மாதம் பார்த்ததெல்லாம் கரி. பிறகு மெள்ள மெள்ள ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. வெங்காயம் முதலில் சளசளவென்று பேசும். அது அதன் உடம்புத் தண்ணீர் போகிற சத்தம். அப்போது என்ன அவசரப்படுத்தினாலும் சிவக்காது, தண்ணீர் இருக்கிறவரை அது வேகும், வறுபடாது. தண்ணீர் வற்றினதும் பேச்சு மாறும். சன்னமாக, தானியத்தைப் புடைக்கிற மாதிரி. அப்போதுதான் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வெளியே வந்துவிடும். மூடி போட்டால் ஆவி திரும்பச் சட்டியிலேயே விழும், வறுவல் அவியலாகிவிடும். கிழங்கை ஈரத்தோடு போட்டாலும் அதே கதை. நெருக்கிக் கொட்டினால் ஒன்றுக்கும் இடமில்லாமல் எல்லாம் சேர்ந்து வியர்க்கும், அச்சகத்து மின்தூக்கியில் மாட்டிக்கொண்ட ஆட்கள் மாதிரி. இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. சட்டி சொன்னது.

மத்தியானம் படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அது வேகம் பிடிக்கும். வாசனை அங்கே எட்டுகிறது என்று இவர் கணக்குப் பண்ணிக்கொண்டார். கதவைத் திறந்து, பையைக் கட்டிலில் எறிந்து, கைகூடக் கழுவாமல் சட்டிக்குள்ளேயே கையை விடுவாள். "சுடும்டி" என்பார். "சுடட்டும்" என்பாள். பிறகு அவளுக்கு ஓய்வு நாள் வந்தால் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, கன்னத்தைக் கையில் தாங்கி, இவர் செய்வதை வேடிக்கை பார்ப்பாள். "ஏன் இப்ப தீயைக் கொறைச்சீங்க?" "சத்தம் கேக்கல உனக்கு?" "என்ன சத்தம்?" "நல்லா கேளு." இருவரும் தலையைச் சாய்த்து, சின்ன வெங்காயத் துண்டுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். எதிர் ஜன்னல்காரர் இதைப் பார்த்துவிட்டு, புதுசா கல்யாணம் ஆனவங்க பாவம் என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

பிறகு இவருக்குப் பகல் வேலை கிடைத்தது. வீடு மாறியது. சுவரில் கடிகாரம் வந்தது. அடுப்பு கை மாறியது. அவள் கேட்டுக் கற்றதையெல்லாம் தன் வழிக்குக் கொண்டுபோய், அவரை எங்கோ பின்னால் விட்டுவிட்டு, மளமளவென்று தேறிவிட்டாள். அப்புறம் ஒருநாள் ஆசிரியர் அறையை விட்டு வெளியே வந்தார். இவர் தராசு வாங்கினார். தாமே ஒரு காலத்தில் சட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, அவள் கையிலிருந்து கிராம் கிராமாக வழித்தெடுத்து ஊருக்கு விற்றார். விற்ற சரக்கில் அந்தச் சத்தம் மட்டும் இல்லை. அதை நிறுக்கத் தராசு கிடையாதே.

கரண்டியார் தலையைச் சாய்த்துக் கேட்டார். சளசள. இன்னும் தண்ணீர் இருக்கிறது. இரு, அவசரமில்லை. தீயைக் குறைத்தார்; எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சத்தம் சரியாகிறவரை. கிழங்கைக் கத்தி முனையால் குத்தினார். உள்ளே போய், வரும்போது கொஞ்சம் பிடித்து இழுத்தது. போதும், மிச்சம் சட்டியில் ஆகும். வடித்து, துணியில் பரப்பி, ஈரம் போகிறவரை ஊதிக்கொண்டு நின்றார். கையை மேலே கொண்டுபோனால் உள்ளங்கைக்குத் தெரிந்தது, இந்தச் சூடு போதாது, இப்போது போதும். கிழங்கைக் கொட்டாமல் ஒவ்வொன்றாக, ஒன்றையொன்று தொடாமல் வைத்தார். வைத்ததும் கிளறக் கை துறுதுறுத்தது. சும்மா இரு என்று கையை அதட்டினார். அடி பிடித்துச் சிவந்தால் அதுவே விட்டுக்கொடுக்கும். விடாததைச் சுரண்டினால் சட்டிக்குத்தான் லாபம். கரண்டியால் ஒன்றை லேசாகத் தள்ளினார். வரமாட்டேன் என்றது. கொஞ்சம் பொறுத்துத் தள்ளினார். வந்தது.

முட்டை இரண்டை அடித்து ஊற்றினார். ஓரம் இறுகி, நடு இன்னும் பளபளவென்று தளும்பும்போதே அடுப்பை அணைத்தார். சட்டியின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அது எவ்வளவு நேரம் என்று அவர் பார்க்கவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அவள் ஏற்கெனவே எழுந்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னது?"

"சாப்பிடு, சொல்றேன்."

ஒரு துண்டை எடுத்தாள். மென்றாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது துண்டு. மூன்றாவது. விரல் தட்டைத் தள்ளவில்லை. முட்டையை வழித்து, வெங்காயத்தைத் தேடித் தேடி எடுத்து, தட்டை லேசாகச் சாய்த்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் துடைத்து வாயில் வைத்தாள். தட்டு காலி.

கரண்டியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடி போடாததால் கண் கலங்கியிருக்கலாம்.

ஆனால் ஆனானப்பட்ட கரண்டியார் எவ்வளவு நேரம் மனிதராக இருந்துவிட முடியும்? அங்கே நின்றபடியே அவருக்குள் ஒரு புதிய தொடர் உருவாகத் தொடங்கியது. அளவுகளைத் துறத்தல். செவியால் சமைத்தல். சட்டியே குரு. முதல் அத்தியாயத்தின் முதல் வரிகூட வந்துவிட்டது: "கேளுங்கள், வெங்காயம் பேசுகிறது." வாசகர் பேரவை அரங்கம், நடுவில் ஒற்றை அடுப்பு, இருட்டு, நிசப்தம், ஆயிரம் பேர் தலையைச் சாய்த்துக் கேட்கிறார்கள். மாடிவீட்டு அக்கா முன்வரிசையில். அதெல்லாம் கண்முன் ஓடிக்கொண்டிருக்க, குரலில் தழுதழுப்பைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு கேட்டார்:

"ஞாபகம் இருக்கா? அந்த மூணாவது மாடி ரூம்?"

"இல்லாம என்ன."

"அதே கைதான். அப்ப நான் செஞ்சு குடுத்த மாதிரியே இருக்கா?"

அவள் யோசித்தாள். நியாயமாகவே யோசித்தாள்.

"அப்படியேதான் இருக்கு" என்றாள். "அப்பவும் சுமாராத்தான் இருக்கும்."

"சுமாரா? பறந்து வந்து சட்டிக்குள்ள கையை விடுவியே."

"விடிகாலை போன ஆளுங்க நானு. நாள் பூரா கத்திக் கத்தி ஃபோன் இணைச்சுட்டு வந்தா, அந்தக் கதவைக்கூடப் பிச்சுத் தின்னுருப்பேன்."

"இப்ப மட்டும் தட்டைத் துடைச்சிட்டியே."

"நேத்து ராத்திரியில இருந்தே வயிறு கேட்டுட்டிருக்கு. அந்த வறுவல் கருகினப்பவே எழுந்து வரலாமான்னு பார்த்தேன்." தட்டை நீட்டினாள். "இன்னும் இருந்தா போடுங்க."

கரண்டியார் தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். சட்டியில் இருந்ததைச் சுரண்டித் தட்டில் போட்டார். கரண்டியில் ஒட்டியிருந்ததை, போகிற போக்கில், அவரும் வாயில் வைத்துப் பார்த்தார்.

சுமார்தான்.